எரியாத பச்சை டார்ச்

பிப்ரவரி 4

ராங்கிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. கோபத்தில் இருப்பவர்களுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். போன் செய்தால் எடுக்க மாட்டேன், எழுதினால் படிப்பேன் என்று உன் அண்ணனிடம் சொன்னாயாம். சரி, எழுதுகிறேன். நாள் முழுக்க ஊராருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிற கை இது. பேனா பிடித்து எத்தனையோ காலம் ஆகிறது. வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சாயங்கால நாடக சபை இந்த வருஷம் ‘ஓடக்கார வீடு’ போடுகிறது. ஆமாம், அதேதான். நீயும் உன் அண்ணனும் சின்ன வயதில் கட்டிலை ஓடமாக்கி, துடைப்பத்தைத் துடுப்பாக்கிப் பாடித் தீர்த்த அதே பாட்டு நாடகம். ஓடக்காரர், அவர் மனைவி, நான்கு பிள்ளைகள், ஒரு ஆடு. பெரிய நாடகக் கம்பெனிகள் போட்டதைப் பார்க்காத குடும்பம் கிடையாது. எல்லோருக்கும் பாட்டு மனப்பாடம். ஒரு சொல் தவறினால் முன்வரிசைக் குழந்தை எழுந்து நின்று திருத்தும்.

ஒத்திகையும் நாடகமும் அதே சைக்கிள் கடை மாடி ஹாலில்தான். மரப்படியில் அந்த ஆடுகிற பலகை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. உன் அண்ணன் ஓடக்காரராக வருகிறார். இத்தனை வருஷம் காவல்காரன், தூதன், திருடர்களில் கடைசித் திருடன் என்று நின்றுவிட்டுப் போன மனுஷன், முதல் தடவையாகக் கதாநாயகன். குழாய் ரிப்பேருக்குப் போகிற வீட்டிலெல்லாம் சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு பாடுகிறாராம். வாடிக்கையாளர் ஒருவர் எனக்குப் போன் செய்து, தண்ணீர் வருகிறதோ இல்லையோ பாட்டு நன்றாக வருகிறது என்றார்.

இடி எங்கே விழுந்தது என்றால், ஓடக்காரர் மனைவியாக வர வேண்டிய மருந்துக்கடை அக்காவுக்குத் தொண்டையில் ஏதோ முடிச்சாம். பாடவே கூடாது, பேசவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கடையில் எழுதிக் காட்டித்தான் மருந்து கொடுக்கிறாள். நாடகம் ஏப்ரல் முதல் சனிக்கிழமை. நாடகத்தை நடத்துகிற நானே அந்த வேஷத்தைப் போடலாம் என்றால் சபை விதி இடிக்கிறது. உனக்குத் தெரியாததா? வீட்டில் என்ன உறவோ அதே உறவாக மேடையில் வரக் கூடாது. முதல் வருஷம் நிஜப் புருஷனும் பெண்டாட்டியும் ராஜா ராணியாக நடிக்க, வீட்டில் பால் பொங்கி வழிந்த சண்டை அரசவையில் தொடர்ந்து, ராணி கிரீடத்தைக் கழற்றி ராஜா மடியில் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாளே, அன்றைக்குப் போட்ட விதி.

ஆகவே நீ வா. லீவு போட்டுவிட்டு வா. அந்தப் பாட்டைப் பாட உன்னை விட்டால் ஆள் இல்லை. நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணி


பிப்ரவரி 11

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. எழுதும்போது விழித்துக்கொண்டுதான் இருந்தீர்களா? ஓடக்காரர் என் அண்ணன் என்று நீங்களே எழுதுகிறீர்கள். அடுத்த பத்தியில் ஓடக்காரர் மனைவியாக என்னைக் கூப்பிடுகிறீர்கள். கூடப் பிறந்தவனுக்குப் பெண்டாட்டியாக! அதுவும் எதை? ‘துடுப்புப் போடும் கையால் எனக்குத் தலை வாரிவிடு’ என்று அவள் அவனிடம் கொஞ்சுகிற பாட்டை!

விதிப்படி தப்பில்லைதான். வீட்டு உறவு வேறு, மேடை உறவு வேறு, கணக்கு சரி. நீங்கள் அதை மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு நாங்கள் எல்லோரும் கியரும் கிளட்சும். எது எங்கே பொருந்துமோ அங்கே மாட்டிவிட்டு வண்டியை எடுப்பீர்கள். இங்கே பல் செட் கட்டுகிற லேபில் என்னோடு வேலை பார்க்கிற பெரியவரிடம் இந்த இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். மெழுகுக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு கீழ்த்தாடை வீணாயிற்று.

நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே என்கிறீர்கள். என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியுமா, அண்ணி? போன வருஷம் கடைசிப் பாட்டு. ‘இனிமேல் நான்’ என்று பாடிவிட்டு நிறுத்தினேன். வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். ஹாலில் ஒரு இருமல் இல்லை. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு நேரம் வந்ததே இல்லை. அப்போது திரை ஓரத்தில் உங்கள் கையில் பச்சை டார்ச் எரிந்தது. பச்சை எரிந்தால் இருட்டில் இரண்டு பக்கமும் நிற்கிற கோரஸ் பாட வேண்டும், அதுதானே நம் ஏற்பாடு. மொத்தக் கும்பலும் என் தலைக்கு மேலே பாடியது. என் வரியை அவர்களே முடித்துவிட்டார்கள்.

கீழே இறங்கியதும் மேக்கப் அறையில் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, “பயப்படாதே, நீ மறந்தது யாருக்கும் தெரியல, நான் சமாளிச்சுட்டேன்” என்று சொன்னீர்கள். நான் மறக்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் அதற்குள் யாருடைய தாடியையோ பிய்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த மாதமே இந்த ஊர் வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்.

அதனால்தான் கடிதம். எழுத்தில் யாரும் குறுக்கே பாட முடியாது.

நான் வரவில்லை. இன்னொன்று. ராங்கி என்று என்னைக் கூப்பிடுகிற உரிமை அண்ணனுக்கு மட்டும்தான்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

நாத்தனார் அவர்களுக்கு,

போதுமா மரியாதை?

உன் கடிதத்தை வண்டியில் வைத்துப் படித்தேன். அடுத்து வந்த மாணவர் ரிவர்ஸ் எடுக்கும்போது கேட்டில் லேசாக உரசிவிட்டார். உனக்குச் சேர வேண்டிய திட்டு முழுவதும் அவருக்குப் போய்விட்டது. பாவம், ஒரு வங்கி மேனேஜர்.

அண்ணன் தங்கை விஷயத்தை நான் கவனிக்கவில்லை என்பது வாஸ்தவம். ஓடக்காரருக்கு மனைவி வேண்டும், நீ பாடுவாய், அவ்வளவுதான் தலையில் ஓடியது. உன் அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது தானாகவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

டார்ச் விஷயத்துக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. மேடையில் ஆள் வாயடைத்து நின்றால் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். நடுரோட்டில் வண்டி நின்றால் ஏன் நின்றது என்று விசாரித்துக்கொண்டு இருக்க மாட்டேன். முதலில் தள்ளி ஓரமாக விடுவேன். அது என் புத்தி.

இப்போது இங்கே நடந்ததைச் சொல்கிறேன். நாடகத்தைத் தள்ளிப்போடலாமா என்று பேச சபை கூடியது. எல்லோர் முகத்திலும் ஈ ஆடவில்லை. ஹாலை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள், இந்த வருஷம் போனால் போனதுதான். அப்போது உன் அண்ணன் எழுந்தார். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷன். கையில் அந்தக் குழாய் ஸ்பானர் வேறு.

“இவளுக்கு எல்லாப் பாட்டும் தெரியும், எல்லார் வசனமும் தெரியும்” என்றார். “விதிதானே இடிக்குது? நான் ஓடக்காரனா இல்லேன்னா இடிக்காதில்ல? எனக்கு ஆட்டோட பின்னங்கால் போதும்.”

அதுவரை ஆட்டுத்தோலுக்குள் நுழைகிற இருவரில் பின்னங்காலாக இருந்தவர் ரொட்டிக்கடைக்காரர். நல்ல குரல், கூச்சத்தால் ஆட்டுத்தோலுக்குள் ஒளிந்துகொண்டிருந்தார். அவர்தான் இப்போது ஓடக்காரர். என் புருஷன் தன் வாழ்க்கையிலேயே கிடைத்த ஒரே கதாநாயகன் வேஷத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, ஆட்டுக்குள் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தினேன். “சிங்க்குக்கு அடியிலே குனிஞ்சே பொழைக்கிறவன் நான். ஆட்டுக்கு என்னை விட்டா யாரு?” என்றார். அப்புறம் தட்டைக் கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபமா பெருமையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆகவே நான் பாடப்போகிறேன். என் குரல் எப்படி என்று உனக்குத் தெரியும். உன்னிடம் உதவி கேட்கவில்லை. நீ இல்லாமலும் இந்த நாடகம் நடக்கும்.

அண்ணி

பின்குறிப்பு: மூடுபனிப் பாட்டில் நீ எங்கே மூச்சு எடுப்பாய்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன்.


மார்ச் 1

அண்ணிக்கு,

அண்ணன் ஆட்டுக்குப் பின்னங்காலா! படித்துவிட்டு லேபில் வாய்விட்டுச் சிரித்தேன். மத்தியானம் டப்பாவைத் திறந்தபோது சாப்பாடு இறங்கவில்லை. கட்டில் ஓடத்தில் எப்போதும் அவன்தான் துடுப்புப் போடுவான். நான் அம்மா, நான்தான் பிள்ளைகள், நான்தான் ஆடும். அவன் ஓடக்காரன் மட்டும். அந்த வேஷத்தை வேறு யாருக்காவது கொடுப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால் பந்தயம் கட்டியிருப்பேன். அவனிடம் சொல்லுங்கள், எந்த ஊரில் எந்த ஆடு வந்தாலும் என் அண்ணன்தான் உசத்தி என்று.

உங்களுக்காக இல்லை, அவனுக்காக எழுதுகிறேன். கவனமாகப் படியுங்கள்.

வரி முடிந்த இடத்தில் மூச்சு எடுக்காதீர்கள், எல்லோருக்கும் கேட்கும். வரிக்கு நடுவில், ‘பனியே விலகு’ என்பதற்குப் பிறகு, வாயை மூடாமல் மூக்கால் எடுங்கள். தோளைத் தூக்காதீர்கள். நீங்கள் எப்போதும் தோளைத் தூக்குவீர்கள், யாரையோ அடிக்கப் போவதுபோல இருக்கும். சத்தம் பெரிதாக வேண்டாம். கடைக்குட்டி ஏறிய ஓடம் கயிறு அறுந்து பனிக்குள் போய்விட்டது. அம்மா கரையில் நிற்கிறாள். கத்துகிறவளுக்குக் காது கேட்காது. அவள் பதிலைக் கேட்க வேண்டுமே.

அடுத்ததுதான் முக்கியம். ‘குரல் கொடு, குரல் கொடு’ என்று இரண்டு தடவை பாடியதும் நிறுத்துங்கள். கம்பெனிக்காரர்கள் போட்டதில் பிள்ளையின் பதில் உடனே வந்துவிடும். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பதில் உடனே வருமென்றால் அவள் எதற்குப் பாட வேண்டும்? நீங்கள் காத்திருங்கள். கையைப் பிசையாதீர்கள், எந்தப் பக்கமும் திரும்பி உதவி தேடாதீர்கள். பனியைப் பாருங்கள். பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று ஹாலில் ஒவ்வொருவருக்கும் பயம் வரட்டும். அப்புறம் பதில் வரட்டும்.

நாங்கள் பல் செட் கட்டும்போது எல்லாப் பல்லையும் நெருக்கமாக வரிசையாக வைத்தால் மேஜையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாயில் மாட்டினால் பொய்ப்பல் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் முன்பல்லில் இம்மியளவு இடம் விடுவோம். பார்க்கிறவர்கள் அந்த இடத்தைப் பார்த்துத்தான் நிஜப்பல் என்று நம்புவார்கள்.

உங்களால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். சும்மா இருப்பது உங்கள் ஜாதகத்திலேயே இல்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 14

நாத்தனாருக்கு,

மூச்சு சரியாகிவிட்டது. தோளும் இறங்கிவிட்டது. ரொட்டிக்கடைக்காரர், “இப்பத்தான் உங்களைப் பாத்தா பயம் இல்லாம பாட முடியுது” என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சும்மா இருப்பது என் ஜாதகத்தில் இல்லை என்றாய். ரோஷம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் ‘குரல் கொடு’ இரண்டு தடவை பாடிவிட்டு நின்றேன். நின்றேனோ இல்லையோ, டார்ச் எரிந்தது. கோரஸ் முழுக்கக் கத்தியது. நான் மேடை ஏறிவிட்டதால் டார்ச் இப்போது தையல்காரர் கையில். ஏன் எரித்தீர்கள் என்று கேட்டேன். “நீங்கதானே சொன்னீங்க, யாராவது மூச்சு விட நின்னாக்கூட அடிச்சிடுங்கன்னு” என்றார். சொன்னது நான்தான். அந்த உத்தரவை ரத்து செய்து, கொஞ்சம் பொறுத்துப் பச்சை எரிந்த பிறகுதான் பிள்ளையின் பதிலும் கோரஸும் என்று மாற்றினேன்.

மறுபடியும் பாடினேன். மறுபடியும் நின்றேன். அவருக்குப் பொறுக்கவில்லை, மறுபடியும் எரிந்தது. மூன்றாவது தடவை டார்ச் எரியவில்லை. ஆனால் நூலகத்து அம்மாள், அவள்தான் கடைக்குட்டி, வயது நாற்பத்தைந்து, இரட்டைப் பின்னல் போட்டால் எட்டு, பனிக்காகக் கட்டிய கொசுவலைக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து என் வரியை எனக்கு எடுத்துக் கொடுத்தாள். இரக்கப்பட்டு! எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? நான் அங்கே நிற்கிறேன். அந்த நிற்கிற இடம் என்னுடையது. அதற்காக ராத்திரி பகலாகப் பழகியிருக்கிறேன். எல்லோரும் கருணையோடு வந்து அதை மூடுகிறார்கள்.

“நான் மறக்கலை! நிக்கிறேன்!” என்று கத்தினேன்.

மருந்துக்கடை அக்கா, அவள்தான் பேசக் கூடாதே, தினமும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், மெதுவாக மேடைக்கு வந்து சீட்டில் எழுதி நீட்டினாள். ‘இதையே போன வருஷமும் ஒருத்தி சொன்னாள்’ என்று எழுதியிருந்தது.

ஒத்திகையை அத்தோடு முடித்துவிட்டேன். ஆட்டுத்தோலைக் கழற்றிவிட்டு உன் அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நீ மறக்கவில்லை என்று அந்த மனுஷனுக்குப் போன வருஷமே தெரிந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்தில் அது நன்றாக இல்லை. அடித்துவிட்டேன். மேலே கறுப்பாக இருப்பது அதுதான்.

இத்துடன் ஒரு டிக்கெட் இருக்கிறது. இரண்டாவது வரிசை, நடைபாதை ஓரம். வா என்று சொல்லவில்லை. அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்வது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

கறுப்பாக இருந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறீர்கள், படிக்க முடியவில்லை. படித்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். மருந்துக்கடை அக்காவைக் கடைசி நாற்காலியிலிருந்து கூட்டிவந்து அங்கே உட்கார வையுங்கள். என்னால் அந்த ஹாலில் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. மற்றவர்கள் பாடுவதைப் பார்த்துக் கை தட்டுகிற அளவுக்கு எனக்குப் பெரிய மனசு இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டு என் பாட்டு. வேண்டாம் என்று சொன்னது நான்தான், அதற்காக வலிக்காது என்று இல்லை.

பயமாக இருக்கிறதா? இருக்கும். நிற்கும்போது காலுக்குக் கீழே தரை இல்லாத மாதிரி இருக்கும். அங்கேயே நில்லுங்கள். பிள்ளையைத் தேடுகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும்.

தையல்காரர் நல்லவர், ஆனால் பயந்தாங்கொள்ளி. போன வருஷம் என் பாவாடையில் ஊசியை வைத்தே தைத்தவர். அவர் கையில் டார்ச்சைக் கொடுத்திருக்கிறீர்கள். யோசித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், ஆட்டுக்கு நடனத்தில் இடது கால்தான் முதலில் வரும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 7

ராங்கிக்கு,

இனி உன்னை இப்படித்தான் கூப்பிடுவேன். உன் ஆட்சேபணை தள்ளுபடி.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்தது தெரியாதது இரண்டையும். ஹாலில் எள் விழ இடமில்லை. சைக்கிள் கடைக்காரர் கடையை மூடிவிட்டு ஸ்டூல், பெஞ்சு, கவிழ்த்துப்போட்ட டயர் வரை மேலே கொண்டுவந்து போட்டார். அந்த டயரிலும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கேட்டில் உரசியதற்கு என்னிடம் திட்டு வாங்கிய வங்கி மேனேஜர் குடும்பத்தோடு வந்திருந்தார். முதல் பாட்டுக்கே குழந்தைகள் கூடவே பாடினார்கள்.

ஆட்டு நடனத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முன்னங்காலாக வந்த போன் ரிப்பேர்க்காரர் பதற்றத்தில் வலது காலை எடுத்தார். உன் அண்ணன் இடது காலை எடுத்தார். ஆடு நடுவில் முறுக்கிக்கொண்டது. உன் அண்ணன் விடவில்லை. பின்னங்கால் மட்டும் தனியாக ஒரு ஆட்டம் ஆடியது பார், ஹாலே எழுந்து நின்றது. முகம் தெரியாமல், பேர் தெரியாமல், குனிந்தபடியே ஒருவர் அவ்வளவு கைதட்டல் வாங்கி நான் பார்த்ததில்லை. திரை ஓரத்தில் நின்று, அது என் புருஷன், அது என் புருஷன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் கடைசியாக மூடுபனிப் பாட்டு. கொசுவலைகளைத் தைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் விட்டிருந்தோம். பின்னாலிருந்து மங்கலாக விளக்கு. நிஜப்பனி கெட்டது. நான் கரையில் போய் நின்றேன். என் குரல் உன் குரல் இல்லை. மேட்டில் முதல் கியரில் ஏறுகிற வண்டிதான் என் குரல். ஆனால் ஏறியது, ராங்கி. நீ சொன்ன இடத்தில் மூச்சு எடுத்தேன். ஒரு வரி நழுவவில்லை.

‘குரல் கொடு, குரல் கொடு’ என்று பாடிவிட்டு நின்றேன்.

டார்ச் எரியும் என்று எதிர்பார்த்தேன். எரியவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை, “பாப்பா எங்கம்மா?” என்று மெதுவாகக் கேட்டது. அப்போதும் எரியவில்லை. ஒருவரும் அசையவில்லை. எனக்குக் காலுக்குக் கீழே தரை இல்லை. தையல்காரருக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் கிடையாதே என்று தோன்றியது. எந்தப் பக்கமும் திரும்பாதே என்று நீ எழுதியிருந்தாய். தலையைத் திருப்பவில்லை, கண்ணை மட்டும் திருப்பினேன்.

திரை ஓரத்தில் தோள்பையைக் கூடக் கழற்றாமல் நீ நின்றுகொண்டிருந்தாய். டார்ச்சை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாய். என்னைப் பார்த்து இல்லை என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினாய். இன்னும் இல்லை, இன்னும் நில்லு என்று.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும். அப்புறம் பச்சை எரிந்தது. வலைக்குப் பின்னாலிருந்து “அம்மா” என்று ஒற்றைக் குரல் வந்தது. ஹாலில் பெரியவர்கள் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குமேல் கோரஸ் பாடியது, கைதட்டல், எல்லாம் எனக்குக் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது.

திரை விழுந்ததும் ஓடி வந்தேன். நீ இல்லை. “எங்கிட்டேர்ந்து வாங்கிக்கிட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் டார்ச்சைக் கையில குடுத்துட்டுப் படியிறங்கிட்டாங்க” என்றார் தையல்காரர். உன் அண்ணன் ஆட்டுத்தோலைக் கழற்றக்கூட நிற்கவில்லை. பின்னங்கால்களோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பஸ் கிளம்பிவிட்டதாம். திரும்பி வந்தவர் வால் அறுந்திருந்ததுகூடத் தெரியாமல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் போகலாமா? டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பின்பக்கப் படியில் ஏறி வருகிற வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. ஆனால் நான் இப்போது நிறுத்திக்கொள்கிறேன். நீ சொல்கிறவரை ஒன்றும் கேட்க மாட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணிக்கு,

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிய நாளிலிருந்து ஒரு பல்லைக்கூட என்னால் நேராக வைக்க முடியவில்லை. சனிக்கிழமை காலை பெரியவர் நான் செய்த செட்டைப் பார்த்துவிட்டு, “இது மனுஷனுக்கா, முதலைக்கா?” என்று கேட்டார். “நீ போயிட்டு வாம்மா” என்று அவரே பையை எடுத்துக் கையில் கொடுத்தார். பின்பக்கப் படியில் ஏறினேன், கால் தானாக அங்கேதான் போயிற்று. ஆடுகிற பலகையை மிதிக்காமல் தாண்டினேன். பழக்கம் விடுமா?

ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். தையல்காரரின் கையைப் பார்த்தேன். டார்ச் அல்ல, கிலுகிலுப்பை பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டேன். அவர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் நின்றீர்கள். என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. இது நான் சொல்லிக் கொடுத்த இடம், நான் கேட்ட அமைதி. இருந்தும் என் விரல் என்ன பாடுபட்டது தெரியுமா, அண்ணி? நம் வீட்டு மனுஷி அங்கே தனியாக நிற்கிறாள், எல்லோரும் பார்க்கிறார்கள், மறந்திருந்தால் என்ன ஆகும், விழுந்துவிட்டால் என்ன ஆகும், எரித்துவிடு, எரித்துவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அதனால்தான் இரண்டு கையாலும் பிடித்தேன். போன வருஷம் நீங்கள் அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். மேடையில் நிற்பதுதான் கஷ்டம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நன்றாகப் பாடினீர்கள். பொய் சொல்லத் தெரியாதவள் சொல்கிறேன். என் குரலில் அந்தப் பாட்டு இன்னும் இனிமையாக இருந்திருக்கும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்த அம்மா நீங்கள்தான்.

ஏன் பேசாமல் போனேன் என்று கேட்டீர்கள். இருந்திருந்தால் மேக்கப் அறையில் எல்லோர் முன்னாலும் விக்கி விக்கி அழுதிருப்பேன். ராங்கி அழுதாள் என்று அடுத்த நாடகம் வரை சொல்லிச் சொல்லிக் காட்டுவார்கள். படியில் இறங்கும்போது தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் என்னிடம், “அந்த அம்மா வேஷம் போட்டவங்க யாருங்க? கம்பெனி நடிகையா?” என்று கேட்டார். “எங்க அண்ணி” என்றேன். சொல்லும்போது என் கழுத்து ஒரு முழம் நீண்டிருக்கும். அவர் கேட்காமலே, கார் ஓட்டவும் கற்றுக்கொடுப்பார்கள் என்று சேர்த்துச் சொன்னேன்.

பஸ் கிளம்பியபோது பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, “என்னங்க இது, ஆடு ரெண்டு கால்ல ஓடி வருது” என்றார். “அது எங்க அண்ணன்” என்றேன். மனுஷன் அதற்கப்புறம் இறங்குகிறவரை என்னோடு பேசவில்லை. அண்ணன் கை ஆட்டியதைப் பார்த்தேன். நானும் ஆட்டினேன். அவனுக்குத் தெரிந்ததா என்று கேளுங்கள்.

அடுத்த வருஷம் நான் வருகிறேன். நீங்களும் நானும் ஒரே மேடையில் வர வேண்டும். அண்ணியும் நாத்தனாருமாக வர விதி விடாது. சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற விதிகளை இறங்கும்போது நின்று படித்தேன், அக்கா தங்கையாக வரத் தடை ஒன்றும் இல்லை. அப்படி ஒரு நாடகமாகப் பாருங்கள். ஓடக்காரன் மாதிரி ஒரு நல்ல வேஷம் அண்ணனுக்கும் அதில் இருக்க வேண்டும், இந்தத் தடவை அவனே கழற்றிக் கொடுத்தாலும் யாரும் வாங்கக் கூடாது.

இனிமேல் போன் செய்யுங்கள், எடுப்பேன். கையில் மெழுகு ஒட்டியிருக்கும், உடனே எடுக்க முடியாது. பதில் இல்லையே என்று வைத்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ராங்கி